பச்சை விளக்கு எரிந்த போர்டுகள்

அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் பச்சை. சோதனைப் பெட்டிக்குள் ஒரு எலக்ட்ரானிக் போர்டை வைத்து மூடியை அழுத்தினால் பச்சையோ சிவப்போ ஒரு விளக்கு எரியும். எரிந்ததும் "பச்சை, பச்சை" என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்ததை எடுப்பாள். பதினோரு வருடம் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே அவள்மீது ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவரும் கைபேசியில் அவளைப் 'பச்சை' என்றுதான் பதிந்துவைத்திருந்தார். அவள் முகம் சரியில்லாத நாட்களில் மட்டும், "இன்னிக்கு என்ன, சிவப்பா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

அறுபது பேர் வேலை பார்க்கும் சின்னத் தொழிற்சாலை. கீழே சரக்கு அறையும் பேக்கிங்கும். மாடியில் மெஷின், சால்டர் மேசை, கடைசியில் சோதனை மேசை. அவள் முதலில் கீழேதான் இருந்தாள், அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டு. அவளை மாடிக்கு ஏற்றிவிட்டது சால்டர் அக்கா. "இந்தப் பொண்ணு எண்ணி வெச்ச பெட்டியில ஒரு தடவைகூட ஒண்ணு கூடினதில்லை, ஒண்ணு குறைஞ்சதில்லை. டெஸ்டிங்குக்கு இவதான் சரி" என்று மேனேஜரிடம் ஒற்றைக் காலில் நின்று சாதித்தாள்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தேழு வருடமாக சால்டரிங் அயர்ன் பிடித்த கை. கண்ணுக்குத் தெரியாத பாகங்களையெல்லாம் இடுக்கியால் எடுத்து, ஈயத்தை ஒரு துளி தொட்டு, ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். எறும்புக்குச் செருப்புத் தைக்கச் சொன்னாலும் அளவெடுத்துத் தைப்பாள் என்று மாடியில் சொல்வார்கள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மேனேஜரைக்கூட விடமாட்டாள். அவள் வீட்டுப் பக்கத்தில் யாருடைய இயர்ஃபோன் அறுந்தாலும், ரிமோட் செத்தாலும், அவள் வாசலுக்குத்தான் வரும்.

பச்சைக்கு அவள்மேல் உயிர். மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒரே ஜன்னலோரம். "ஏண்டி, இப்படிக் கொறிச்சா உடம்புல என்ன ஒட்டும்?" என்று தன் டப்பாவிலிருந்து பாதியை அவள் டப்பாவில் தள்ளாமல் அக்கா சாப்பிட்ட நாள் கிடையாது.

அந்த வருடம் ஒரு புது போர்டு வந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். டெவலப்மென்ட் போர்டு என்று பேர். வாங்குகிறவர்கள் தாங்களே அதற்கு ப்ரோக்ராம் எழுதி, தண்ணீர்த் தொட்டியைக் கண்காணிக்கவோ மோட்டாரை ஓட்டவோ கதவு மணி அடிக்கவோ பழக்கிக்கொள்ளலாம். வயர்லெஸ் இணைப்பு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் வெள்ளி மூடி போட்ட ஒரு மாட்யூலைக் கூடுதலாக வைத்துக் கொடுப்பார்கள். வேண்டாதவர்களுக்கு அந்த இடம் காலியாகப் போகும். மாடியில் அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். மாட்யூல் இல்லாதவன் கம்பிக்காரன், இருப்பவன் காத்துக்காரன்.

மற்ற எல்லாப் பாகங்களையும் மெஷின் ஒட்டிவிடும். இந்த மாட்யூலை மட்டும், கேட்ட எண்ணிக்கைக்கு ஏற்றபடி, கையால் ஒட்ட வேண்டும். அது அக்காவின் வேலை. மாட்யூலுக்குப் பக்கத்தில் பல்லிமுட்டையில் பாதி அளவுக்கு வெள்ளையாக ஒரு துண்டு இருக்கும். அதுதான் ஆன்டெனா. அது மெஷின் ஒட்டுவது.

கடைசியில் பச்சையின் சோதனை. காத்துக்காரனைப் பெட்டியில் வைத்தால், சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று திரையில் நூற்றுக்கு இத்தனை என ஒரு எண் காட்டும். எழுபதுக்கு மேல் என்றால் பச்சை விளக்கு, கீழே என்றால் சிவப்பு. எழுபது என்ற வரம்பை வைத்தவர் டிசைன்காரர், அந்த போர்டை வரைந்தவர். அந்த வரம்பை மாற்றுவதற்கான ரகசிய எண் இரண்டு பேரிடம்தான் இருந்தது. அவரிடமும், சோதனைப் பிரிவின் பொறுப்பாளராக ஆறு மாதம் முன்பு உயர்த்தப்பட்ட பச்சையிடமும்.

போர்டு வெளியாவதற்கு முந்தைய நாள். டிசைன்காரர் கண்காட்சியில் அரங்கு போட வெளியூர் போயிருந்தார். காலையில் யாரோ ஒரு இரும்பு பீரோவைக் கொண்டுவந்து சோதனை மேசையை ஒட்டி வைத்துவிட்டார்கள். இரும்பு பக்கத்தில் இருந்தால் சிக்னல் மங்கும். அறுபத்தாறு, அறுபத்து மூன்று என்று நல்ல போர்டெல்லாம் சிவப்புக் காட்டியது. பச்சைக்கு உடனே காரணம் புரிந்துவிட்டது. பீரோவை நகர்த்த நாலு ஆள் வேண்டும். நாலு பேரும் கீழே லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் மூன்றாவது தடவையாகப் படியேறி வந்தார். "முன்னூறு காத்துக்காரன், அஞ்சு மணிக்குள்ள கீழ இறங்கணும். எப்படியாவது முடிங்க."

"பீரோவை நகர்த்தணும் சார்."

"நாளைக்கு நகர்த்தலாம். இன்னிக்கு முடிங்க."

அவள் ரகசிய எண்ணைத் தட்டி வரம்பைத் திறந்தாள். அறுபது போதும் என்றுதான் நினைத்தாள். அறுபது வைத்தும் இரண்டு சிவப்பு வந்தது. ஐம்பது என்று மாற்றலாம். மறுபடி சிவப்பு வந்தால் மறுபடி திறக்க வேண்டும். கை போன போக்கில் நாற்பது என்று அடித்துவிட்டாள். அதன்பிறகு ஒரு சிவப்பும் வரவில்லை. பச்சை, பச்சை, பச்சை. திரையைப் பார்க்கவே தேவைப்படவில்லை. நாலே முக்காலுக்கு முன்னூறும் கீழே இறங்கின. மறுநாள் பீரோவை நகர்த்தினார்கள். நாற்பது நாற்பதாகவே இருந்தது. அவள் மறந்தே போனாள்.

மூன்று வாரம் கழித்து முதல் போர்டு திரும்பி வந்தது. பக்கத்து அறைக்குப் போனாலே இணைப்பு அறுந்துவிடுகிறது என்று ஒரு பள்ளி ஆசிரியர் சீட்டு எழுதி வைத்திருந்தார். பிறகு மூன்று, பிறகு ஒன்பது. அந்த வாரக் கடைசிக்குள் நாற்பது போர்டு மேனேஜர் மேசையில் குவிந்துவிட்டன. எல்லாம் காத்துக்காரன்.

மேனேஜர் எல்லோரையும் மேசையைச் சுற்றி நிற்கவைத்துப் பேசினார். அவர் கணக்கு நேராகத்தான் இருந்தது. "இங்க டெஸ்ட்ல பாஸ் ஆயிருக்கு. வெளிய போனதும் வேலை செய்யல. அப்படின்னா போற வழியில ஏதோ விட்டுப்போகுது. விட்டுப்போறதுன்னா கையால சால்டர் வெச்ச இடம்தான். மெஷின் வெச்சது விடாது."

ஒரு போர்டை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தார். மாட்யூல் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. "பாருங்க."

அக்கா எட்டிப் பார்த்தாள். வழக்கமாக இந்நேரம் அவள் வாயிலிருந்து ஏதாவது வந்திருக்கும். அன்று வரவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "சாஞ்சுதான் இருக்கு" என்றாள்.

"வயசாகுதுக்கா. தப்புன்னு சொல்லல. கண்ணு எல்லாருக்கும் ஒரு நாள் இப்படித்தான்." மேனேஜர் தன்மையாகத்தான் சொன்னார். அடுத்த திங்கள்கிழமை முதல் அக்காவுக்குக் கீழே பேக்கிங்.

அன்று மாலை எல்லோரும் கிளம்பியபிறகு, கணினியில் அந்த முன்னூறு போர்டுகளின் பதிவுகளைப் பச்சை திறந்தாள். அக்காவுக்கு உதவியாக ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் திறந்தாள். முதல் பக்கத்தில் சில அறுபதுகள் இருந்தன. அதற்கப்புறம் நாற்பத்து நான்கு. நாற்பத்தாறு. நாற்பத்து மூன்று. பக்கம் பக்கமாக அதேதான். எல்லாவற்றுக்கும் நேரே 'பாஸ்'. மேல் மூலையில், வரம்பு: நாற்பது.

திரும்பி வந்த ஒரு போர்டையும், ஆரம்பத்தில் மாதிரிக்குச் செய்து வைத்திருந்த போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மாதிரியின் ஆன்டெனாத் துண்டில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இருந்தது. திரும்பி வந்ததில் கோடே இல்லை. மறுநாள் சரக்கு அறைக்குப் போய்ச் சும்மா கேட்பதுபோல் கேட்டாள். ஆமாம், மெஷினில் மாட்டும் ஆன்டெனாச் சுருளை நடுவில் மாற்றினோம், புதுசு வேறு இடத்திலிருந்து வந்தது என்றார் சரக்குக்காரர்.

ஆக, ஆன்டெனாதான் மோசம். மாட்யூல் மயிரிழை சாய்ந்தால் சிக்னல் கெடாது, அக்கா வைத்த ஈயத்தில் ஒரு குறையும் இல்லை. பீரோவை நகர்த்திவிட்டு வரம்பை எழுபதிலேயே வைத்திருந்தால் அந்தச் சுருள் மாறிய அடுத்த நிமிடமே சிவப்பு எரிந்திருக்கும், அன்றே கண்டுபிடித்திருப்பார்கள். பச்சை விளக்கு எரிந்ததால்தான் அக்காவின் கைமேல் பழி விழுந்தது.

அவள் வரம்பை எழுபதாக மாற்றினாள். மாற்றும்போது பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் தன் மேசையில் உட்கார்ந்து அவள் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சொல்லிவிடலாம் என்றுதான் மேனேஜர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டும்வரை முழுக்கச் சொல்வதாகத்தான் இருந்தது. உள்ளே போனதும் வாயில் வந்தது வேறு. "சார், ஆன்டெனாவையும் ஒரு தடவை பார்த்துடலாமா? சுருள் மாத்தியிருக்காங்க."

மேனேஜர் தலையைத் தூக்கினார். "உங்க டெஸ்ட்டே அதைத்தானே பார்க்குது? ஆன்டெனா சரியில்லைன்னா உங்ககிட்டயே சிவப்பு எரிஞ்சிருக்குமே. உங்க மேசையில ஒரு தப்பு தாண்டிப் போனதா சரித்திரமே இல்லையே."

அது உண்மை. ஐந்து வருடம் முன்பு முதலாளியே வந்து நின்று அனுப்பச் சொன்ன ஒரு சரக்கை, முடியாது என்று அவள் நிறுத்திவைத்தாள். பிறகு பிரித்துப் பார்த்ததில் அவள் சொன்னதே சரி என்று ஆனது. அன்றிலிருந்து அவள் பச்சை என்றால் பச்சைதான். அந்தப் பேரை இப்போது தன் வாயாலேயே உடைக்க வேண்டும். "சரி சார்" என்று வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அக்கா கண் டாக்டரிடம் போனாள். "தனியாப் போக ஒரு மாதிரி இருக்குடி, கூட வர்றியா?" என்று கேட்டாள். வரமாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

காத்திருக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மடியில் கைகளை மல்லாத்தி வைத்து, யாரோ வேறொருவருடையதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருபத்தேழு வருஷம் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. இப்ப பாரு, இதுங்க பாட்டுக்கு இதுங்க தப்பு பண்ணியிருக்கு, எனக்கே தெரியல" என்றாள். சுவரில் ஓடும் மின்விசிறியின் நிழலையே பார்த்தாள் பச்சை.

உள்ளே கூப்பிட்டார்கள். எழுத்துப் பலகையில் அக்கா மேலிருந்து கீழ்வரை எல்லா வரியையும் படித்துவிட்டாள். கடைசி வரியைக்கூட. டாக்டர், "இந்த வயசுக்கு அருமையான பார்வைம்மா. இப்பப் போட்டிருக்கிற கண்ணாடியே போதும்" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா நம்பவில்லை. "எனக்கு முன்னாடி போன ஆளு சத்தமாப் படிச்சார்ல, அது காதுல விழுந்துச்சு. அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"இல்லக்கா. நல்லாத்தான் தெரியுது உங்களுக்கு."

"நீ எனக்காகச் சொல்ற."

பஸ் நிறுத்தத்தில் தூரத்தில் ஒரு பஸ் வளைந்து வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, பச்சையின் தோளைத் தொட்டு, "என்ன நம்பர்னு பாரேன்" என்றாள். ஒரு மாதம் முன்பு அந்த நம்பரை அக்காதான் அவளுக்குப் படித்துச் சொல்லியிருப்பாள்.

இப்படியாக நாட்கள் போயின. மதியத்தில் அக்கா கீழேயே சாப்பிட்டாள். படியேறுவது சிரமம் என்றாள். டப்பாவை எடுத்துக்கொண்டு பச்சை கீழே போவாள். அங்கே அக்கா பெட்டிக்குள் போர்டை வைத்து, மூடி, திறந்து, இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மூடுவாள். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள், பக்கத்து வீட்டுப் பெரியவரின் காது மிஷின் ஒயர் விட்டுப்போனதென்று கொண்டுவந்தாராம், என்னால் ஆகாது, கடையில் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். "அவருக்குக் காது கேக்கலையே, அதனால நான் சொன்னதும் புரியல. எழுதிக் காட்டினேன்" என்று சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டுக்காரர் கிரீஸ் படிந்த சட்டையைத் தோய்த்துக்கொண்டிருந்தார். அவள் துணிக் கொடி பக்கம் நின்று, யாரோ ஒருத்தர் கதைபோல் சொன்னாள். "எங்க இடத்துல ஒருத்தர். அவர் பண்ணின தப்பு இன்னொருத்தர் தலையில விழுந்துடுச்சு. அவருக்குத் தெரியும். சொல்லாம இருக்காரு."

அவர் சட்டையைப் பிழிந்தார். "எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

"அந்த ஒருத்தர் இப்ப சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. அதற்குமேல் ஒன்றும் கேட்கவும் இல்லை. நனைந்த சட்டையை வாங்கிக் கொடியில் போட்டாள். இரண்டு பேருக்கும் தெரிந்துபோனது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

அந்த வாரம் புதன்கிழமை அக்கா ஒரு வெள்ளைத் தாளோடு காத்திருந்தாள். பேக்கிங் அறையில் சாப்பாட்டு நேரத்தில் வேறு யாரும் இல்லை. "உன் கையெழுத்து நல்லா இருக்கும். எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடு."

"என்ன லெட்டர்க்கா?"

"வேலையை விட்டுடறேன்னு. பெட்டி ஒட்டவா நான் வந்தேன்? அதுலயும் நேத்து ஒரு பெட்டியில போர்டோட போற ஒயரை வைக்க மறந்துட்டேனோன்னு பயந்து, ஒட்டின இருபது பெட்டியைப் பிரிச்சேன். எல்லாத்துலயும் இருந்துச்சு. இப்படியே போனா பைத்தியம் பிடிச்சுடும்." ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மேசைபோல் முன்னால் வைத்தாள். "எழுது. கண் பார்வைக் குறைவு காரணமாக."

பேனாவைத் திறந்தாள் பச்சை. தேதி எழுதினாள். மேனேஜர் அவர்களுக்கு என்று எழுதினாள். 'கண்' என்று எழுதினாள். அடுத்த எழுத்துக்குக் கை வரவில்லை.

"என்னடி?"

"அக்கா, உங்க கண்ணுல ஒண்ணுமில்லை."

"அதை விடு, எழுது."

"உங்க கையிலயும் ஒண்ணுமில்லை. நான்தான்." அப்புறம் அணை உடைந்ததுபோல் எல்லாம் வந்தது. பீரோ, எழுபது, நாற்பது, கோடு இல்லாத ஆன்டெனா, மேனேஜர் அறை வாசல். முன்னும் பின்னுமாகச் சொன்னாள். அக்கா கையிலிருந்த ஒட்டும் டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டே கேட்டாள்.

முடித்ததும் ஒரே ஒரு கேள்வி வந்தது. "எத்தனை நாளா தெரியும்?"

"இருபத்தாறு நாளா."

அக்கா மனசுக்குள் கணக்குப் போடுவது அவள் முகத்தில் தெரிந்தது. "நான் கண் டாக்டர்கிட்ட போனப்போ?"

"தெரியும்க்கா."

"கூட வந்து உட்கார்ந்திருந்தியே."

அக்கா டேப்பின் நுனியைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு பெட்டியை இழுத்து ஒட்டினாள். அது ஏற்கெனவே ஒட்டிய பெட்டி. "போய் மேலே சொல்லு" என்றாள். "நான் வரல."

மேனேஜர் முதலில் சிரித்தார், நம்பாமல். பதிவுகளைத் திறந்து காட்டியதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார். "எப்படியாவது முடிங்கன்னு நான் சொன்னது உண்மைதான். அதுக்காக நாற்பதா?"

"நான் பண்ணினதுதான் சார்."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "சரி. ஆன்டெனாவை மாத்திடலாம். அக்காவை நானே கூப்பிட்டு, பழையபடி மேலே வாங்கன்னு சொல்லிடறேன். காரணம் எதுக்கு? இது நமக்குள்ள இருக்கட்டும். உங்க பேரும் கெட வேண்டாம்."

ஒரு நிமிடம் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. அக்கா மேலே வந்துவிடுவாள், எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் மாடியில் அத்தனை பேரும் அக்காவின் கை தவறியது என்றல்லவா நினைத்துக்கொண்டிருப்பார்கள், அதோடல்லவா அவள் உட்கார வேண்டும்?

"எல்லார் முன்னாடியும்தானே சார் சாஞ்சிருக்குன்னு காட்டினீங்க" என்றாள். "எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன்."

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் மெஷின் பக்கம் நின்று சொன்னாள். வீட்டிலிருந்து வரும்போது பத்து வாக்கியம் யோசித்துவைத்திருந்தாள். மூன்றுதான் வந்தது. வரம்பை நான் குறைத்தேன். ஆன்டெனா மோசம், அது என் மேசையைத் தாண்டிப் போனது. அக்கா வைத்த சால்டரில் ஒரு தப்பும் இல்லை. பின்னாலிருந்து யாரோ, "பச்சையா?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அக்கா கூட்டத்தின் ஓரத்தில், பேக்கிங் மேலங்கியோடு, தரையைப் பார்த்து நின்றாள்.

பொறுப்பாளர் பதவி போனது. அவளே பழக்கிவிட்ட பெண் ஒருத்தி இப்போது அவளுக்கு மேல். ரகசிய எண்ணையும் மாற்றிவிட்டார்கள். அனுப்பிய அத்தனை காத்துக்காரர்களையும் திருப்பி வாங்க முடிவானது. மன்னிப்புக் கடிதம் டிசைன்காரர் எழுதினார். வந்து சேர்ந்தது இருநூற்று எண்பத்து மூன்று. ஒவ்வொன்றிலும் பழைய ஆன்டெனாவைக் கையால் எடுத்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். பிறகு சோதிக்க வேண்டும். ஒட்டுவது அக்கா. சோதிப்பது பச்சை. வேறு ஆள் போடலாமா என்று மேனேஜர் தனியாகக் கேட்டாராம். வேண்டாம், வேலை தெரிந்தவள்தான் இருக்கட்டும் என்றாளாம் அக்கா.

பதினோரு நாள் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் பச்சை, "அக்கா, ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

"நீங்க சொன்னா ஆரம்பிக்கலாம்" என்றாள் அக்கா.

நீங்க. பச்சைக்கு யாரோ முகத்தில் தண்ணீரை வீசியதுபோல் இருந்தது. பதினோரு வருடம் 'ஏண்டி'யும் 'வாடி'யுமாக இருந்த வாய் அது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். இரண்டு நாள் பேசாமல் இருந்திருந்தாலும் தாங்கியிருப்பாள். அக்கா பேசாமல் இருக்கவில்லை. தேவையானதை மரியாதையாகப் பேசினாள். "இதைப் பாருங்க." "அந்தத் தட்டை இப்படி நகர்த்துங்க." மதியம் தன் டப்பாவைத் தானே முடித்தாள்.

மூன்றாம் நாள் பச்சை கேட்டுவிட்டாள். "என்னை எப்பவும்போலக் கூப்பிடுங்கக்கா."

அக்கா அயர்னை அதன் தாங்கியில் வைத்தாள். "வரல. வேணும்னு பண்ணல. வாயில வரமாட்டேங்குது." சொல்லிவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டாள். குரலில் கோபமில்லை. அதனாலேயே பச்சைக்கு மேற்கொண்டு கேட்க வழியில்லாமல் போனது.

கைகளுக்கு வேலை மறக்கவில்லை. அக்கா ஒட்டிய ஒவ்வொன்றும் எழுபத்தெட்டு, எண்பத்தொன்று என்று வந்தது. பச்சை இப்போது வாய்க்குள் முணுமுணுக்காமல் எண்ணைச் சத்தமாகவே படித்தாள், அக்காவுக்குக் கேட்கட்டும் என்று. அக்கா தலையசைப்பாள். ஆனால் முன்பெல்லாம் ஒட்டிவிட்டுத் திரும்பியே பார்க்காமல் அடுத்ததை எடுப்பவள், இப்போது ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். சிலவற்றை ஒட்டிய சூடு ஆறுமுன் மறுபடி தொட்டாள். தேவையே இல்லாத இடத்தில்.

பதினோராம் நாள் சாயங்காலம் தட்டில் கடைசி போர்டு. அக்கா அதை ஒட்டி முடித்து நீட்டினாள். பச்சையும் கையை நீட்டினாள். அக்கா கொடுக்காமல் திரும்ப இழுத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துக் குனிந்தாள். ஒரு தடவை பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். அது நன்றாகத்தான் இருந்தது. மேசையின் இந்தப் பக்கத்திலிருந்தே பச்சைக்குத் தெரிந்தது. நல்லா இருக்குக்கா, கொடுங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அதைத் தான் சொன்னால் எடுபடாது என்று தோன்றியது. நீட்டிய கையை மடக்காமல், அக்கா மூன்றாவது தடவை பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.